எந்த இடம் ரொம்ப மோசம்?

எனக்கு ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்த அன்றே அப்பா ஒரு ஏப்ரன் வாங்கிவிட்டார். பச்சை நிறம், முன்னால் இரண்டு பெரிய பை, சரியாக என் அளவு. அதை ஆலிவ் வண்டியின் பின்கதவுக்குள் ஒரு கொக்கியில் மாட்டினார்.

"அவசரமில்ல மிர்சினி. கணக்கெல்லாம் போட்டு அலுத்துப் போனதும் வா. தொங்கிக்கிட்டே இருக்கும்" என்றார்.

தொங்கிக்கொண்டேதான் இருந்தது. வருடா வருடம் ஈஸ்டருக்கு முன்னால் அதைத் துவைத்து இஸ்திரி போட்டு மறுபடி அதே கொக்கியில் மாட்டுவார். கிரேக்கத் துறைமுகமான தெசலோனிகியில் ஆலிவ் விற்கிற எந்த மனிதரும் ஒரு ஏப்ரனுக்கு அவ்வளவு மரியாதை கொடுத்துப் பார்த்ததில்லை.

என் தொழிலை வீட்டில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. இருப்பது கொஞ்சம், வேண்டுபவர்கள் நிறைய. யாருக்கும் வயிறு எரியாமல் அதை எப்படிப் பங்கிடுவது என்று கணினிக்குச் சொல்லித் தருகிறோம். மாணவர்களுக்கு விடுதி அறை, நோயாளிகளுக்குச் சிறுநீரகம், விமானங்களுக்கு ஓடுபாதை, எல்லாம் அடிப்படையில் ஒரே கணக்குதான். அப்பா இதைக் கேட்டுவிட்டு, "அதைத்தானே நான் தினமும் தராசுல பண்றேன்" என்பார். அவர் தராசில் பண்ணுவது வேறு. அதை இங்கே எழுதுவதற்கில்லை.

அந்த வசந்தத்தில் எங்கள் பேட்டையின் வியாழக்கிழமைச் சந்தை நடக்கும் தெருவைக் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். சந்தையை இரண்டு தெரு தள்ளி, கடலை நோக்கிச் சரிகிற ஒரு புதுத் தெருவுக்கு மாற்ற வேண்டும். எல்லாருக்கும் புது இடம். வழக்கமாக நகராட்சி சீட்டுக் குலுக்கும். குலுக்கி முடிந்ததும் பூசணிக்காய்கள் பறக்கும். நகராட்சியில் சந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்தாதிஸ் சாருக்குப் போன முறை பறந்த பூசணியின் அடையாளம் நெற்றியில் இன்னும் இருக்கிறது. அதனால் அவர் எங்கள் துறையிடம் வந்தார். ஒரு வியாழக்கிழமை நடத்திக் காட்டுங்கள், கலவரம் இல்லாமல் முடிந்தால் நகரத்துச் சந்தை அத்தனையும் உங்களுக்குத்தான் என்றார்.

அத்தனையும் எங்களுக்கு என்றால் எனக்கு வேலை. இல்லையென்றால் உதவித்தொகை அந்த மாதத்தோடு முடிகிறது, கொக்கியில் ஏப்ரன் காத்திருக்கிறது.

என் பேராசிரியர் லியாண்ட்ரோஸ் நல்ல மனிதர். நல்லவர் என்றால் பொய் என்ற ஒன்று உலகத்தில் இருப்பதைப் புத்தகத்தில் மட்டும் படித்தவர். அவருடைய அப்பா நியாயமான விலையில் சட்டை தைத்த தையல்காரராம். அதுதான் காரணமாக இருக்க வேண்டும். சந்தைக்காரர்களைத் தேவாலயக் கூடத்தில் கூட்டி அவர் முறையை விளக்கினார்.

"ரொம்ப எளிது. முதல்ல குலுக்கி ஆளுக்கு ஒரு இடம் குடுத்துடுவோம். அப்புறம் உங்களுக்கு எந்த இடம் வேணுமோ, அது யார் கையில இருக்கோ, அவங்களைப் பார்த்து விரலை நீட்டுங்க. எல்லாரும் நீட்டினா எங்கயாவது ஒரு வட்டம் விழுந்தே ஆகணும். நான் உங்களை, நீங்க அவங்களை, அவங்க என்னை. வட்டத்துல இருக்கறவங்க இடத்தை மாத்திக்கிட்டுக் கிளம்பிடலாம். மிச்சம் இருக்கறவங்க மறுபடி நீட்டணும். விரலை நிஜமா நீட்ட வேண்டாம். ஆசையைச் சொன்னா போதும், கணினி நீட்டிக்கும்."

கூடம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் சந்தைக்காரர்கள் மரியாதையாகக் கேட்கிறார்கள் என்றால் மனசுக்குள் வேறு கணக்கு ஓடுகிறது என்று அர்த்தம்.

"இதுல முக்கியமான விஷயம், பொய் சொல்லி ஒருத்தருக்கும் ஒரு லாபமும் கிடையாது. அது நிரூபிக்கப்பட்டது" என்று முடித்தார் லியாண்ட்ரோஸ்.

உருளைக்கிழங்கு விற்கிற பாந்தெலிஸ் எழுந்தார். சங்கத் தலைவர், ஆள் ஒரு மூட்டை அகலம். "புரொபசர், நானும் முப்பது வருஷமா வர்றவங்ககிட்ட எல்லாம் இதையேதான் சொல்லிட்டிருக்கேன். இதுக்கு மேல குறைச்சா எனக்கு ஒரு லாபமும் கிடையாதுன்னு. சரி, உங்க கடைசி விலை என்ன?"

"விலை எதுவும் இல்ல. நீங்க உண்மையைச் சொன்னா போதும்."

"அது ரொம்ப அதிகம்" என்றார் பாந்தெலிஸ். கூடமே தலையாட்டியது.

மறுநாள் நானும் லியாண்ட்ரோஸும் ஒரு டேப்லட்டோடு கடை கடையாகப் போய் ஒவ்வொருவரின் ஆசையையும் கேட்டுப் பதிந்தோம். மீன்கார அசிமினாவுக்குத் தேவாலய வாசல் வேண்டுமாம். பாந்தெலிஸுக்குத் தெருவின் நடுவில் குழாயடி வேண்டுமாம். பூக்காரி எவாந்தியாவுக்கு ரொட்டிக்கடைப் பக்கம். என் அப்பா நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்துவிட்டு, வண்டிகள் நுழைகிற முனையில் சமதரை வேண்டும் என்றார். சொல்லும்போது காது மடலைத் தடவினார். இந்த ஜாடி நேற்றுத்தான் ஊறப்போட்டது என்று சொல்லும்போது தடவுகிற அதே மடல்.

"சார், இவங்க எல்லாரும் புளுகறாங்க" என்றேன் பஸ்ஸில் திரும்பும்போது.

"எதுக்குப் புளுகணும்? லாபம்தான் இல்லையே."

"லாபத்துக்குன்னு இல்ல சார். அது ஒரு பழக்கம்."

"நிரூபணம் இருக்கு மிர்சினி" என்றார் அவர், காயம்பட்ட குரலில். ஒரு மனிதர் பத்துப் பக்கத்துக்கு நிரூபித்த பிறகு என்ன சொல்ல முடியும். நானும் அந்தப் பத்துப் பக்கத்தை ஆசையாகப் படித்தவள்தான். ஒரு வரி பிசகு கிடையாது.

வியாழக்கிழமை காலையில் புதுத் தெருவில் கடைகள் விரிந்தன. ஒருவர் குரல் உயரவில்லை. ஒரு காய்கூடப் பறக்கவில்லை. லியாண்ட்ரோஸ் கையில் குலூரி ரொட்டி வளையத்தோடு தெருவின் மேல் முனையில் நின்றார், கண்ணெல்லாம் பளபளத்தது.

"எல்லாருக்கும் முதல் விருப்பமே கிடைச்சிருக்கு. எல்லாருக்கும். ரெண்டு பேர்கூட ஒரே இடத்தைக் கேக்கலை. இது வரைக்கும் எந்தக் கட்டுரையிலயும் நான் இப்படிப் பார்த்தது கிடையாது."

"நானும் எந்தச் சந்தையிலயும் பார்த்தது கிடையாது சார்" என்றேன். சந்தை இப்படி அமைதியாக இருந்து நான் பார்த்தது ஒரே முறை. அன்று ஒருவரையொருவர் கத்தியால் குத்திக்கொள்ளப் போவதாக இருந்தார்கள்.

தெருவுக்குள் இறங்கிப் போனேன். தேவாலய வாசலில் நிழல் என்று சொல்ல ஒரு துளியும் இல்லை. வெயிலின் கீழே அசிமினாவின் மீன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பனிக்கட்டி உருகி அவளுடைய பூட்ஸுக்குள் போய்க்கொண்டிருந்தது. பாதிரியார் ஒரு கண்ணால் மீனையும் ஒரு கண்ணால் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு அக்கா இடம்?"

"அருமை கண்ணு. வெயில்ல மீன் கண்ணு எப்படி மின்னுது பாரு. மாதா கோயில் வாசல் வேற. லட்சம் குடுத்தாலும் விட மாட்டேன்." குரலை உயர்த்தித் தெரு முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

குழாயடியில் சரிவு. பாந்தெலிஸின் கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவியலிலிருந்து கழன்று கடலை நோக்கிப் புறப்பட்டுக்கொண்டிருந்தன. அவர் ஒன்றைக் காலால் தடுத்து நிறுத்திக்கொண்டே என்னிடம், "கிழங்கு கொஞ்சம் நடந்தாத்தான் ருசி ஏறும். பொன்னான இடம்" என்றார். அவரும் சத்தமாகத்தான் சொன்னார்.

ரொட்டிக்கடை அடுப்பின் அனல் வெளியேறுகிற ஜன்னலுக்குக் கீழே எவாந்தியாவின் கார்னேஷன்கள் தலை தொங்கிக்கிடந்தன. "சூட்டுக்குத்தான் வாசனை எழும்பும்" என்றாள். முனையில் அப்பாவின் ஜாடிகள் மேல் லாரிப் புகை ஒரு படலமாகப் படிந்திருந்தது. "வர்றவன் முதல்ல பார்க்கறதே நம்மளைத்தான்" என்றார். பார்த்தவர்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாக அவரைத் தாண்டிப் போனார்கள்.

நான் அவர் பக்கத்தில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். "அப்பா, உண்மையைச் சொல்லு. இந்த முனையை எதுக்குக் கேட்டே?"

"சத்தம் போடாத." அவர் ஒரு ஆலிவை எடுத்துத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "பாந்தெலிஸுக்கு இந்த முனை இல்லாம ஆகாது. மூட்டை இறக்கணும், வண்டிய ஒட்டி நிறுத்தணும். வருவான். வந்து கெஞ்சுவான். அப்ப எனக்கு வேண்டியது வேணும்னு சொல்லுவேன். கூட ஒரு மூட்டைக் கிழங்கும் கேப்பேன்."

"உனக்கு வேண்டியது என்ன?"

"எனக்கு எதுவும் வேண்டாம்" என்றார் அப்பா, பெற்ற மகளிடம்.

அப்போதுதான் விளங்கியது. எல்லாரும் தனக்கு வேண்டியதைக் கேட்கவில்லை. அடுத்தவனுக்கு உயிரான இடமாகப் பார்த்துக் கேட்டிருந்தார்கள். கணினியும் கேட்டதைக் கேட்டபடியே கொடுத்துவிட்டது. இப்போது ஒவ்வொருவரும் இன்னொருவருடைய பொக்கிஷத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, அவன் வந்து கெஞ்சுவான் என்று காத்திருந்தார்கள். கையில் இருக்கிற சரக்கைப் புகழ்ந்தால்தானே விலை ஏறும். அதனால் தெரு முழுக்க ஒரே புகழ்ச்சி. யாரும் நகரவில்லை. நகர்ந்தால் தேவை என்று தெரிந்துவிடும். தேவை தெரிந்தவனை எங்கள் தெருவில் உரித்துக் காயப்போட்டுவிடுவார்கள்.

லியாண்ட்ரோஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் குலூரியைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப ரெண்டு ரெண்டு பேரா மாத்திவிட்டுடலாமே."

"ரெண்டு பேருக்குள்ள மாத்தினா முடியாது சார். பாந்தெலிஸ் மாமாவுக்கு அப்பாவோட இடம் வேணும். ஆனா அப்பாவுக்கு அவரோட குழாயடி வேண்டாம், வேற ஏதோ வேணும். அது என்னன்னு என்கிட்டயே சொல்ல மாட்டேங்கறாரு. ஒரு வட்டம் இருக்கு. ஆனா யாரும் விரல் நீட்ட மாட்டேங்கறாங்க."

"திரும்பக் கேப்போம். இந்தத் தடவை உண்மையாச் சொல்லச் சொல்லி."

"கேட்டா இன்னும் விவரமாப் புளுகுவாங்க. சார், மதியம் ஸ்தாதிஸ் சார் வர்றாரு."

கீழேயிருந்து அசிமினாவின் குரல் வந்தது. இடம் பொன்தானாம், ஆனால் பனிக்கட்டி தீர்ந்தால் மீனையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் நகராட்சிப் படிக்கட்டில் கொட்டுவாளாம், பல்கலைக்கழகத்தின் அன்பளிப்பு என்று எழுதி வைத்துவிட்டு. அவள் சொன்னால் செய்கிறவள். என் கண்ணுக்குள் அந்தப் பச்சை ஏப்ரன் காற்றில் ஆடியது.

மறுபடி பாந்தெலிஸிடம் போனேன். வேறு எதுவும் தோன்றாமல், "மாமா, அப்பா நிக்கிற அந்த முனை எப்படி?" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "அந்த முனையா? சீ. அதைப் போய் இடம்னு சொல்லுவியா? லாரிப் புகை பூரா அங்கதான். தரை சமமா இருக்காம், இருந்தா என்ன, மழை பெய்ஞ்சா தண்ணி நிக்கும். வண்டிய ஒட்டி நிறுத்தலாமாம், நிறுத்தினா பின்னால வர்றவன் ஹார்ன் அடிச்சே கொல்லுவான். வலது பக்கம் ஒரு இரும்புக் கம்பம் இருக்கு, அதுல தராசு மாட்டலாம்னு வை, காலையில எட்டரை மணி வரைக்கும் வெயில் கண்ணுல குத்தும். கம்பத்துல ஏற்கெனவே கொக்கி வேற இருக்கு, அது கொஞ்சம் துரு."

காதலித்த பெண்ணைப் பற்றிக்கூட ஒருவன் இவ்வளவு விவரம் தெரிந்து வைத்திருக்க மாட்டான்.

சின்ன வயதிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். வேண்டாத பொருளை யாரும் திட்டுவதில்லை, பேசாமல் தாண்டிப் போய்விடுவார்கள். நின்று, கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, இது சொத்தை, இது வாடல், இதன் காம்பு சரியில்லை என்று சொல்கிறவள் பையைத் திறக்கப் போகிறாள் என்று அர்த்தம்.

லியாண்ட்ரோஸைக் கையைப் பிடித்து இழுத்துவந்தேன். "சார், கேள்வியை மாத்தறோம். எந்த இடம் வேணும்னு கேக்காதீங்க. இந்தத் தெருவுலயே எந்த இடம் ரொம்ப மோசம்னு கேளுங்க. அதிகமாத் திட்டற இடத்தை முதல் விருப்பமாப் போடுங்க. அதுக்கு அடுத்த திட்டு ரெண்டாவது விருப்பம்."

"வசவையா? தரவாவா?"

"நல்ல தரவு சார். வசவுல புளுக மாட்டாங்க. அது உள்ளேருந்து வரும்."

அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். திறந்தபோது அந்தக் கண்ணில் நான் அதுவரை பார்க்காத ஒரு விஷமம் இருந்தது. டேப்லட்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

எவாந்தியாவிடம் கேட்டோம். "மாதா கோயில் வாசல்தான், வேற என்ன" என்றாள் உடனே. "ஞானஸ்நானம் தவறினா கல்யாணம், கல்யாணம் தவறினா சாவு. வர்றவன் எல்லாம் நின்னு பூ வாங்கறேன்னு வழியை அடைச்சுக்குவான். கை ஓயாது. மனுஷி உக்கார முடியுமா அங்க?"

"ரொம்பக் கஷ்டம்தான்" என்று பதிந்துகொண்டார் லியாண்ட்ரோஸ்.

அசிமினா குழாயடியைத் திட்டினாள். "பிசுபிசுன்னு எப்பவும் ஈரம். பனிக்கட்டி கரையாது, காலெல்லாம் விறைச்சுப் போயிடும். சரிவு வேற, கழுவின தண்ணியெல்லாம் நிக்காம ஓடிப் போயிடும். மதியம் வரைக்கும் நிழல். மதியத்துக்கு மேல வெயில் வந்துடும் தெரியுமா?"

"மதியத்துக்கு மேல நீங்க இருப்பீங்களா?" என்றார் லியாண்ட்ரோஸ்.

"இருக்க மாட்டேன். ஆனாலும் சொல்றேன்."

அப்பா ரொட்டிக்கடைப் பக்கத்தை ஐந்து நிமிடம் திட்டினார். சூடான ரொட்டியோடு வருகிறவர்கள் கையோடு ஆலிவும் கேட்டு உயிரை எடுப்பார்களாம். ருசி பார்க்கிறேன் என்று ஜாடியைக் காலி செய்வார்களாம். ரொட்டிக்கடைக்காரன் நல்லவன் மாதிரி பேசுவானாம், ஓசியில் புகாட்சா இனிப்பு கொடுப்பானாம், சர்க்கரை ஏறுமாம். "அந்த அடுப்புச் சூடு வேற. முட்டிவலிக்கு நல்லதுன்னு சொல்லுவாங்க, நான் நம்ப மாட்டேன்" என்றார்.

காலுறை விற்பவன் பஸ் நிறுத்தத்தைத் திட்டினான். முட்டைக்காரி கம்பங்களுக்கு நடுவே இருக்கிற மூலையைச் சபித்தாள். பாலாடைக்கட்டிக்காரர் ஒரு மதிலின் நிழலைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொன்னார். தெரு விழித்துக்கொண்டது. திட்டத் திட்ட எல்லாருக்கும் முகத்தில் ரத்தம் ஏறியது. லியாண்ட்ரோஸ் ஒவ்வொரு வசவுக்கும் நன்றி சொல்லிக்கொண்டு அடுத்த கடைக்கு ஏறக்குறைய ஓடினார். கடைசியில் சரிவிலேயே உட்கார்ந்து கணக்கை ஓடவிட்டார். அவர் காலருகே ஒரு உருளைக்கிழங்கு வந்து முட்டி நின்றது.

"வட்டம்" என்றார் மெதுவாக. "மீன் கிழங்கைக் காட்டுது. கிழங்கு ஆலிவைக் காட்டுது. ஆலிவ் பூவைக் காட்டுது. பூ மீனைக் காட்டுது. மூடிடுச்சு மிர்சினி. அழகா மூடிடுச்சு. இன்னும் ஏழெட்டு வட்டம் இருக்கு தெருவுல."

"சார், இப்ப நான் எல்லார்கிட்டயும் கணினியில பிழைன்னு சொல்லப் போறேன்."

"ஆனா பிழை எதுவும் இல்லையே."

"அதனாலதான் நான் சொல்றேன். நீங்க வாயைத் திறக்காதீங்க."

பாந்தெலிஸின் சங்க ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு தேவாலயப் படியில் ஏறி நின்றேன். பல்கலைக்கழகக் கணினியில் தவறு நடந்துவிட்டது, மிகவும் வருந்துகிறோம், எல்லாரும் உடனே இடம் மாற வேண்டும், மேல்முறையீடு கிடையாது என்றேன். பிறகு யார் எங்கே என்று படித்தேன்.

தெரு முழுக்க ஒரு முனகல் எழுந்தது. அப்படி ஒரு துக்கத்தை நான் பெரிய வெள்ளிக்கிழமையில்கூடக் கேட்டதில்லை. அசிமினா மாதாவைக் கூப்பிட்டு நியாயம் கேட்டாள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் முனகி முடிப்பதற்குள் பாந்தெலிஸின் மூட்டைகள் கயிறு கட்டித் தயாராக இருந்தன. அசிமினா பெட்டியைத் தள்ளிக்கொண்டு சரிவில் ஓடிய வேகத்தில் ஒரு கணவாய் மீன் எகிறி விழுந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எவாந்தியா வாளிகளை இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டு பறந்தாள். அப்பாவுக்கு முட்டிவலி என்பதையே எல்லாரும் மறந்துவிட்டோம், அவர் உட்பட.

ஸ்தாதிஸ் சார் வந்தபோது மீன் நிழலில் இருந்தது, கிழங்கு சமதரையில் அசையாமல் இருந்தது, கார்னேஷன்களைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. அவர் தெருவில் பத்தடி வைத்ததும் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"நாசமாப் போச்சு சார்" என்றார் பாந்தெலிஸ். "என்னைக் கொண்டுபோய் அந்த முனையில தள்ளிட்டாங்க."

"என் காலைப் பாருங்க, விறைச்சுப் போச்சு" என்றாள் அசிமினா.

"பூ வாங்க வர்றவங்களை வெச்சு என்னைச் சாகடிக்கறாங்க" என்றாள் எவாந்தியா. பேசிக்கொண்டே யாருக்கோ மீதிச் சில்லறை கொடுத்தாள்.

ஸ்தாதிஸ் சாரின் கை தானாக நெற்றிக்குப் போனது. "மிர்சினி, ஒருத்தருக்குக்கூடத் திருப்தி இல்லையா? காலையில எனக்கு ஃபோன்ல எல்லாரும் சந்தோஷம்னு சொன்னாங்களே." அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அது எந்தப் பக்கம் எழுதப் போகிறது என்பது தெளிவாகத் தெரிந்தது. என் தோளில் ஏப்ரனின் நாடா விழுவதுபோல இருந்தது.

"சார், ஒரு நிமிஷம். எப்படி இருக்குன்னு கேக்காதீங்க. மாத்திக்கிறீங்களான்னு மட்டும் கேளுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியை வாங்கினார். "சரி. இடம் பிடிக்காதவங்க கையைத் தூக்குங்க. இப்பவே காலையில இருந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிடறேன்."

தெரு மௌனமானது. கித்தான்கள் மட்டும் படபடத்தன. பாந்தெலிஸ் கம்பத்தில் தராசின் கொக்கியைச் சரி செய்தார். அசிமினா ஒரு மீனின் செவுளை மிகுந்த அக்கறையோடு பரிசோதித்தாள். அப்பா வானத்தைப் பார்த்தார். வானத்தில் எதுவும் இல்லை.

"ஒருத்தருமா இல்ல?"

"இனிமே மாத்தி என்ன சார் ஆகப் போகுது" என்றார் பாந்தெலிஸ், தியாகியின் குரலில். "தலையெழுத்துன்னு இருந்துட்டுப் போறோம்."

ஸ்தாதிஸ் சார் இருபது வருடம் இந்த மனிதர்களோடு மாரடித்தவர். மெல்ல அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமானது. பேனா இறங்கியது, கையெழுத்து விழுந்தது.

"எல்லாச் சந்தையும் உங்க துறைக்குத்தான். உனக்கு மூணு வருஷத்துக்கு வேலை, நகராட்சிக் கட்டடத்துல தனி அறை. என்ன சொல்றே?"

வாயைத் திறந்தேன். சரி என்று சொல்லத்தான் திறந்தேன்.

"அந்த அறையா சார்? மூணாவது மாடியில இருக்கே, அதுவா? லிஃப்ட் கிடையாது. ஜன்னல் வடக்குப் பக்கம், குளிர் காலத்துல வர்தாரிஸ் காத்து நேரா மேசைக்கே வரும். மேசை பெருசுதான், ஆனா ஒரு கால் ஆடும். ஜன்னலைத் திறந்தா முழுக்கக் கடல், வேலை பார்க்க விடாது. காபி மெஷின் பக்கத்துலயே இருக்கு, அந்தச் சத்தம் வேற. மூணு வருஷம்கறது எல்லாம்..."

ஸ்தாதிஸ் சார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டார்: "அப்ப மாத்திக்கிறியா? உங்க அப்பா வண்டியில ஒரு ஏப்ரன் தொங்குமே."

நான் வானத்தைப் பார்த்தேன்.

"திங்கட்கிழமை எட்டு மணி" என்றார் அவர். "மேசைக்காலை ஒட்டச் சொல்றேன்."

அப்பாவிடம் சொல்ல ரொட்டிக்கடைப் பக்கம் ஓடினேன். வண்டியின் பின்கதவு திறந்திருந்தது, கொக்கி காலி. ஜாடிகளுக்குப் பின்னால் லியாண்ட்ரோஸ் நின்றுகொண்டிருந்தார், மார்பின் மேல் பச்சை ஏப்ரன் இறுகிப் பிதுங்க. பொய்யைக் களத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்பாவிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

ஒரு பெண்மணி சூடான ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இந்தக் கறுப்பு ஆலிவ் எப்படி?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் உப்பு ஜாஸ்தி. போன வாரத்துது. சதையும் அவ்வளவா இல்ல. நான் வாங்க மாட்டேன்" என்றார் என் பேராசிரியர், நெஞ்சில் கை வைக்காத குறையாக.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண்மணி லியாண்ட்ரோஸை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் பின்னால் நின்றவளின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள்.

"தனக்குன்னு ஒதுக்கி வெச்சிருக்கான்டி. விடாதே."

ரெண்டு கிலோ போடச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் வரிசை ரொட்டிக்கடை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.